சித்தன்னவாசல் குளமும் ஆறரை நிமிட இசையும்: கருத்துச் சொல்வது எப்படி?

கேள்வியைச் சுருக்கி எழுதிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். உங்கள் அக்கா மகன் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். லேப்டாப்பில் தானாகவே இசையமைக்கப் பழகியவன். சித்தன்னவாசல் போய்வந்த பிறகு, அங்கே குகைக்கோயிலின் விதானத்தில் இருக்கும் தாமரைக் குளம் ஓவியத்தை மனதில் வைத்து ஆறரை நிமிடத்துக்கு ஓர் இசை செய்திருக்கிறான். அதையும் ஓவியத்தின் படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, "உண்மையைச் சொல்லு சித்தி" என்கிறான். போன முறை "சூப்பர்டா" என்றீர்கள், முகம் வாடிவிட்டது. அதற்கு முந்தைய முறை குறைகளை அடுக்கினீர்கள், நான்கு மாதம் எதையும் அனுப்பவில்லை. எட்டு வருடம் வீணை படித்திருக்கிறீர்கள், ஓவியம் பற்றி ஒன்றும் தெரியாது. இந்த முறை என்ன சொல்வது, எப்படிச் சொல்வது?

அந்தப் படத்தை நீங்கள் இன்னும் திறக்கவில்லை என்றால், தயவுசெய்து திறக்காதீர்கள். முதலில் இசையை மட்டும் கேளுங்கள். நான் சொல்லப்போகும் மற்ற எல்லாமே இந்த ஒன்றிலிருந்து வருவதுதான்.

ஏன் என்றால், அந்த ஓவியத்தை அவன் எத்தனையோ தடவை பார்த்திருப்பான். இசையின் ஒவ்வொரு விநாடியிலும் அது அவன் கண்ணுக்குள் தானாக ஓடும். புல்லாங்குழல் வந்தால் அவனுக்குப் பறவை தெரியும். அடியில் கனமாக ஒரு சுரம் நின்றால் யானை தெரியும். கேட்கிற இன்னொருவருக்கும் ஏதாவது தெரிகிறதா, ஏதாவது நடக்கிறதா என்பதைத் தெரிந்துகொள்ள அவனுக்கு வழியே இல்லை. படம் இல்லாத காது அவனிடம் கிடையாது. உங்களிடம் இருக்கிறது, அதுவும் ஒரே ஒரு தடவைக்கு. படத்தைப் பார்த்த அந்த நிமிடமே அது போய்விடும். ஓவியம் தெரியாதே என்று தயங்குகிறீர்கள். முதல் கேட்பில் நீங்கள் அவனுக்குத் தரக்கூடிய பெரிய உதவியே அதுதான்.

கேட்பதற்கு முன் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். ஹெட்போன் இருந்தால் நல்லது. ஒரே மூச்சில், நிறுத்தாமல் கேளுங்கள். எந்த இடத்தில் உங்களுக்குள் என்ன நடந்தது என்பதை மட்டும் நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். இப்படி:

0:50 அமைதியாக இருக்கிறது. பிடித்திருக்கிறது.
1:40 யாரோ உள்ளே வந்த மாதிரி.
2:30 கவனம் போய்விட்டது. உளுந்து ஊறப்போட வேண்டுமே என்று நினைத்தேன்.
4:05 திடீரென நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
5:50 முடிந்துவிட்டது என்று நினைத்தேன், இன்னும் ஓடுகிறது.

காரணம் எழுத வேண்டாம். "2:30ல் ஒரே லூப் திரும்பத் திரும்ப வருவதால் அலுக்கிறது" என்று எழுதினால் அது உங்கள் ஆராய்ச்சி, அது தவறாகவும் இருக்கலாம். "2:30ல் உளுந்து ஞாபகம் வந்தது" என்பதை யாரும் மறுக்க முடியாது. என்னிடம் இசையமைப்பு கற்றவர்கள் பலர் சொன்னது இது: நிபுணர்கள் தந்த பெரிய பெரிய விமர்சனங்களைவிட, தூக்கம் வந்த இடத்தையும் தூக்கம் கலைந்த இடத்தையும் ஒளிக்காமல் சொன்ன ஒருவரின் குறிப்புதான் கைகொடுத்தது.

படத்தை விட்டுவிட்டுக் கேட்டால் படத்தைப் பற்றிய இசைக்கு நியாயம் செய்ததாகுமா என்று தோன்றலாம். இந்த வகை இசையில் உலகம் முழுக்கத் தெரிந்த ஒன்றையே எடுத்துக்கொள்வோம். விக்தோர் ஹார்ட்மன் என்ற ரஷ்ய ஓவியர், கட்டடக் கலைஞரும்கூட, 1873ல் 39 வயதில் இறந்துபோனார். மறுவருடம் பீட்டர்ஸ்பர்க்கில் அவருடைய படைப்புகளைக் கண்காட்சியாக வைத்தார்கள். நண்பரும் இசையமைப்பாளருமான மோதெஸ்த் முசோர்க்ஸ்கி அதைப் பார்த்துவிட்டு வந்து, 1874 ஜூனில் சில வாரங்களுக்குள் ஒரு பியானோத் தொகுப்பை எழுதி முடித்தார். 'கண்காட்சியில் சில படங்கள்' என்று பெயர். அவர் இசையில் வரைந்த படங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை, தொலைந்துவிட்டன. தொகுப்பில் மாட்டு வண்டியைப் பற்றிய பகுதி எந்தப் படத்தைப் பார்த்து எழுதப்பட்டது என்று காட்ட நம்மிடம் படமே கிடையாது. ஆனாலும் அந்தப் பகுதியைக் கேட்டால் கனமான ஏதோ ஒன்று நம்மைக் கடந்து போவது உடம்பில் தெரிகிறது. படம் போன பிறகும் இசை நிற்கிறது. உங்கள் பையனின் இசையும் அப்படி எங்கெங்கே நிற்கிறது என்பதைத்தான் முதல் கேட்பில் கண்டுபிடிக்கிறீர்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. இருபத்து மூன்று வயதில் மாமல்லபுரம் பெரும் பாறைச் சிற்பத்தை வைத்து ஒன்பது நிமிட இசை ஒன்று செய்தேன். அர்ச்சுனன் தபசு என்றும் கங்கை இறங்கும் காட்சி என்றும் இரண்டு விதமாகச் சொல்வார்களே, அதுதான். என்னை உலுக்கியது அதில் இருக்கும் உருவங்களைவிட நடுவே பாறை பிளந்திருக்கும் அந்த இடைவெளி. இரண்டு பக்கமும் அத்தனை தேவர்கள், முனிவர்கள், மிருகங்கள் எல்லோரும் அந்தப் பிளவை நோக்கித் திரும்பியிருக்கிறார்கள். அதனால் என் இசையின் நடுவில் பதினோரு விநாடி மௌனம் வைத்தேன். இரண்டு பக்கத்து இசையும் அந்த மௌனத்தை நோக்கியே நகரும்.

நான் மிகவும் மதித்த ஒரு மூத்த இசைக்கலைஞரிடம் கொண்டுபோனேன். சிற்பத்தின் பெரிய புகைப்படத்தை மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "நல்லாருக்கு. ஆனா யானை எங்கப்பா? அவ்வளவு பெரிய யானை அங்க நிக்குது, உன் பாட்டுல காணோமே" என்றார். அப்புறம், "நடுவுல கேப் விழுது, அதை மூடிடு" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. படத்தைக் கையில் வைத்திருந்ததால் பட்டியலைச் சரிபார்த்திருக்கிறார், அவ்வளவுதான். நான் வீட்டுக்கு வந்து யானைக்கு டிராம்போன் சேர்த்தேன், மௌனத்தைத் தம்புராவால் நிரப்பினேன். அந்த இசை அன்றோடு செத்தது. படத்தை மூடிவைத்துவிட்டுக் கேட்டிருந்தால் அவருக்கு யானையின் ஞாபகமே வந்திருக்காது. அந்தப் பதினோரு விநாடியில் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாரா இல்லையா என்பதுதான் எனக்கு வேண்டியிருந்த தகவல். அது எனக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.

சரி, கேட்டாயிற்று, குறித்தாயிற்று. இப்போது படத்தைத் திறக்கலாம். அதற்கு முன் அவனிடம் ஒரு கேள்வி: "நீ எந்தப் படத்தைப் பார்த்துச் செய்தாய்?" விசித்திரமாகத் தோன்றினாலும் கேளுங்கள். ரஷ்ய இசையமைப்பாளர் ராக்மனினோவ் 1909ல் 'மரணத் தீவு' என்ற இசையை எழுதினார். ஆர்னல்ட் போக்லின் வரைந்த ஓவியம்தான் மூலம். ஆனால் ராக்மனினோவ் முதலில் பார்த்தது அதன் கறுப்பு வெள்ளைப் பிரதியை. பிறகு வண்ணத்தில் அசலைப் பார்த்தபோது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அசலை முதலில் பார்த்திருந்தால் இந்த இசையை எழுதியே இருக்கமாட்டேன் என்கிற மாதிரி சொல்லியிருக்கிறார். வண்ண ஓவியத்தை எதிரே வைத்துக்கொண்டு, "இசை ஏன் இவ்வளவு சாம்பல் நிறமாக இருக்கிறது" என்று அவரிடம் யாராவது குறை சொல்லியிருந்தால் எவ்வளவு அநியாயம்!

சித்தன்னவாசலுக்கும் இது பொருந்தும். ஒன்பதாம் நூற்றாண்டு ஓவியம். சமணக் குகைக்கோயில். தாமரை, மீன், பறவைகள், யானை, எருமை, பூப்பறிக்கும் மூன்று பேர் என்று இணையத்தில் கிடைக்கும் படங்களில் எல்லாம் பளிச்சென்று தெரியும். அதிலும் சில படங்கள் பழைய ஓவியத்தைப் பார்த்துப் புதிதாக வரைந்த நகல்கள். நேரில் போனால் பல இடங்களில் வண்ணம் உதிர்ந்திருக்கிறது, அண்ணாந்து கழுத்து வலிக்கப் பார்க்க வேண்டும். குளம் நம் தலைக்கு மேலே இருக்கிறது! அந்தக் கழுத்து வலியிலிருந்து பிறந்த இசையும், ஃபோன் திரையில் கட்டைவிரலால் பெரிதாக்கிப் பார்த்ததிலிருந்து பிறந்த இசையும் ஒன்றாக இருக்காது. அவன் எதைப் பார்த்தானோ அதோடுதான் நீங்கள் பேச வேண்டும்.

இப்போது படத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டாவது தடவை கேளுங்கள். இந்தத் தடவை மனதில் வைத்துக்கொள்ள ஒரே ஒரு விஷயம் போதும். ஓவியத்தில் எல்லாம் ஒரே நேரத்தில் இருக்கிறது. இசையில் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வர முடியும். எது முதலில், எது கடைசியில், எங்கே நிற்பது, எங்கே திரும்புவது என்பதை ஓவியர் சொல்லித்தரவில்லை, பையன்தான் முடிவு செய்திருக்கிறான். அவனுடைய படைப்பு இருப்பது அந்த முடிவுகளில்தான். முசோர்க்ஸ்கி இதற்குக் கண்டுபிடித்த வழி இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது. படங்களுக்கு நடுவே, பார்க்க வந்தவர் நடந்துபோவதையே ஒரு மெட்டாக்கினார். ஐந்தும் ஆறுமாக மாறும் எண்ணிக்கையில், சீராக அடியெடுத்து வைக்காத ஒரு மனிதரின் நடை. போகப்போக அந்த நடையின் மனநிலையும் மாறுகிறது. உங்கள் பையனின் இசையில் பார்க்கிறவர் யார், எங்கே நிற்கிறார், நகர்கிறாரா? இதை அவனிடம் கேட்டால் அவனே ஒரு மணி நேரம் பேசுவான்.

இந்த வகை இசையில் புதியவர்கள் எல்லோரும் விழும் ஒரு குழி உண்டு. படத்தில் குளம் இருந்தால் இசையில் தண்ணீர்ச் சத்தம். பறவை இருந்தால் கீச்கீச். அவன் கோப்பிலும் தொடக்கத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் பதிவு இருக்கும் என்று எனக்குப் படுகிறது. இருந்தால் உடனே எடுக்கச் சொல்லாதீர்கள். "தண்ணீர்ச் சத்தம் இல்லாமல் ஒருமுறை அனுப்புடா, கேட்டுப் பார்க்கிறேன்" என்று கேளுங்கள். சத்தத்தை எடுத்த பிறகும் ஈரம் மிஞ்சினால், அந்த ஈரம் அவனுடைய சுரங்களில் இருக்கிறது. மிஞ்சாவிட்டால் அவனுக்கே தெரிந்துவிடும், நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

பொருளை நேரடியாகக் காட்டாமல் ஓவியத்தின் அமைப்பை இசைக்குள் கொண்டுவருவது எப்படி என்று அவன் கேட்டால், பிரெஞ்சு இசையமைப்பாளர் ஆன்ரி துதியோ 1978ல் எழுதிய ஒன்றைக் கேட்கச் சொல்லுங்கள். வான் கோவின் 'விண்மீன் இரவு' ஓவியம்தான் மூலம். அதில் அவர் வயலினையும் வயோலாவையும் முழுக்க நீக்கிவிட்டார். ஒரு முழு வாத்தியக் குழுவின் நடுப்பகுதியே காலி. மேலே காற்று வாத்தியங்கள், கீழே பன்னிரண்டு செல்லோக்களும் டபுள்பாஸும். வானத்துக்கும் தரைக்கும் நடுவே இருக்கும் அந்த வெட்டவெளியை ஒரு வாத்தியத்தை வாசித்துக் காட்டாமல், வாசிக்காமல் விட்டதால் காட்டியிருக்கிறார். நட்சத்திரம் மின்னுவதற்கு மணியடிப்பதைவிட இது எவ்வளவு தூரம் போகிறது பாருங்கள்.

அடுத்தது, நீங்கள் வீணை படித்தவர் என்பதால் ஒரு சின்ன எச்சரிக்கை. நம் ஊரில் எந்த இசையைக் கேட்டாலும் முதல் கேள்வி "என்ன ராகம்?" என்பதுதான். ராகம் பிடிபட்டுவிட்டால் அடுத்த நொடியிலிருந்து அதில் சேராத அந்நிய சுரத்தைத் தேட ஆரம்பித்துவிடுவோம். கரகரப்பிரியா ராகம் மாதிரி போய்க்கொண்டிருக்கும்போது 4:05ல் அதில் இல்லாத அந்தர காந்தாரம் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "ராகம் கெட்டுப்போச்சுடா" என்று வாயில் வந்துவிடும். நிறுத்துங்கள். உங்கள் தாளைப் பாருங்கள். 4:05ல்தானே நிமிர்ந்து உட்கார்ந்ததாக எழுதியிருக்கிறீர்கள்? அந்த ஒரு காந்தாரம் மாறியதும் இசை அரிகாம்போதி ராகத்தின் பக்கம் திரும்பிவிட்டது, அறையில் ஜன்னல் திறந்த மாதிரி. அவன் தெரிந்து செய்தானோ, கை தவறி விழுந்ததோ, அதை அவனிடம் கேட்க வேண்டும். கரகரப்பிரியாவில் செய்தேன் என்று அவனே சொல்லியிருந்தால் இலக்கணம் பேசலாம். சொல்லாதபோது நீங்களாக ராகத்தைக் கட்டி, அதற்குள் அவன் இல்லை என்று சொல்வது நியாயமில்லை. ஆனால் உங்கள் வீணைக் காதுக்கு வேறொரு பயன் உண்டு. சுரங்கள் எல்லாம் கோடு போட்ட மாதிரி நேராக நிற்கின்றனவா, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இழைகின்றனவா என்பது உங்களுக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். லேப்டாப்பில் செய்யும் இசையில் அது பெரும்பாலும் பலவீனமாக இருக்கும். அதைச் சொல்லுங்கள், வீணையில் வாசித்துப் பதிவு செய்து அனுப்பிக் காட்டுங்கள்.

காட்டலாம், திருத்தித் தரக்கூடாது. இதற்கும் முசோர்க்ஸ்கியின் மாட்டு வண்டிதான் சாட்சி. அவர் கையெழுத்துப் பிரதியில் அந்தப் பகுதி எடுத்த எடுப்பிலேயே மிகப் பலமாகத் தொடங்குகிறது. வண்டி தூரத்தில் வரவில்லை, நம் முன்னாலேயே நிற்கிறது. அவர் 1881ல் இறந்தார். 1886ல் நண்பர் ரிம்ஸ்கி கோர்சகோவ் அதைப் பதிப்பித்தபோது, மெதுவாகத் தொடங்கி வளர்ந்து பிறகு தேய்வது மாதிரி மாற்றிவிட்டார். வண்டி தூரத்திலிருந்து வந்து கடந்து போக வேண்டும் அல்லவா, அதுதானே இயல்பு என்று நினைத்திருப்பார். 1922ல் பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெல் வாத்தியக் குழுவுக்காக எழுதியதும் அந்தப் பதிப்பை வைத்துத்தான். அதனால் பல தலைமுறை ரசிகர்கள் அந்த வண்டியை தூரத்திலிருந்து வருவதாகவே கேட்டுப் பழகினார்கள். அன்புள்ள, திறமையுள்ள நண்பர் செய்த வேலைதான். ஆனாலும் முசோர்க்ஸ்கி அந்த வண்டியை முகத்துக்கு நேராக நிறுத்தியது எதற்காக என்ற கேள்வியே அங்கே அழிந்துவிட்டது. "தொடக்கத்தை மெதுவாக்கு" என்று சொல்வதைவிட, "தொடக்கத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, அப்படித்தான் வேண்டுமா?" என்று கேட்பது அவனுடைய வண்டியை அவன் கையிலேயே விட்டுவைக்கும்.

சொல்லும் முறைக்கு ஒரு நல்ல வழி ஏற்கெனவே இருக்கிறது. அமெரிக்க நடன அமைப்பாளர் லிஸ் லெர்மன் 1990ல் உருவாக்கியது, கலைகள் கற்பிக்கும் பல இடங்களில் பயன்படுகிறது. முதலில் கேட்டவர்கள் தங்களைத் தொட்டது எது என்று சொல்கிறார்கள். பிறகு படைத்தவர் கேள்வி கேட்கிறார். பிறகு கேட்டவர்கள் கேட்கிறார்கள், ஆனால் கேள்விக்குள் தீர்ப்பு ஒளிந்திருக்கக்கூடாது. கடைசியில்தான் அபிப்பிராயம், அதுவும் "இந்த இடத்தைப் பற்றி எனக்கு ஒரு கருத்து இருக்கிறது, சொல்லட்டுமா?" என்று அனுமதி கேட்டு. சித்திக்கும் பையனுக்கும் நடுவே இவ்வளவு சடங்கு தேவையில்லைதான். ஆனால் இரண்டாவது படியை மட்டும் விட்டுவிடாதீர்கள். "நீ என்னிடம் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?" என்று கேளுங்கள். "உண்மையைச் சொல்லு" என்பதற்குள் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட பயம் இருக்கும். நடுப்பகுதி நீளமா, முடிவு சரியா, இது இசைதானா என்று ஏதோ ஒன்று. அதற்குப் பதில் கிடைக்காமல் வேறு எதைச் சொன்னாலும் "சூப்பர்டா" மாதிரிதான் விழும்.

மிக்ஸிங், அதாவது ஒலிகளைக் கலந்து சமன்செய்வது பற்றி இப்போது பேச வேண்டாம். ரிவெர்ப் (எதிரொலிப்பு) அதிகம், அடிச்சுருதி இரைகிறது, வலது பக்கம் சத்தம் கம்மி என்பதெல்லாம் இசையின் வடிவம் நிலைத்த பிறகு ஒரு மாலைநேர வேலை.

முதல் செய்தியை நான் எழுதினால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"டேய், படத்தைப் பார்க்காமல் முதலில் கேட்டேன். 4:05ல் காந்தாரம் மாறினதும் நிமிர்ந்து உட்கார்ந்துட்டேன். அப்ப எங்கேயோ வெளிச்சம் வந்த மாதிரி இருந்தது. 2:30லிருந்து 3:20 வரை மனசு வேற எங்கேயோ போயிடுச்சு, ஏன்னு தெரியலை. 5:50ல் முடிஞ்சிடுச்சுன்னு நினைச்சேன். அப்புறம்தான் படத்தைப் பார்த்தேன். நீ நேர்ல பார்த்தப்போ முதல்ல உன் கண் எங்கே போச்சு? 4:05 அந்த இடமா? ஞாயித்துக்கிழமை கூப்பிடு, பேசலாம். நீ என்கிட்ட என்ன கேக்கணும்னு யோசிச்சு வை."

இதில் பாராட்டு இருக்கிறது, ஆனால் நேரத்தோடு இருக்கிறது. குறையும் இருக்கிறது, அது உங்கள் மனம் அலைந்ததாகத்தான் இருக்கிறது. மூன்று இடங்களுக்கு மேல் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். தாளில் பதினைந்து இருந்தாலும் மூன்றைத்தான் அனுப்புங்கள், மீதி ஞாயிற்றுக்கிழமைக்கு. நான்கு மாதம் எதுவும் அனுப்பாமல் இருந்தானே, அன்றைக்கு நீங்கள் சொன்ன குறைகள் ஒருவேளை எல்லாமே சரியாகக்கூட இருந்திருக்கும். எண்ணிக்கைதான் அதிகமாகியிருக்கும்.

இன்னொன்று. அவன் திருத்தி இரண்டாவது வடிவம் அனுப்புவான், அனுப்ப வேண்டும். அப்போது உங்கள் காதும் அவனுடையதைப் போல ஆகிவிட்டிருக்கும். குளம் தெரியும், யானை தெரியும், 4:05ல் வெளிச்சம் வரும் என்று முன்கூட்டியே காத்திருப்பீர்கள். அதனால் அந்த வடிவத்தை வீட்டில் இதுவரை எதையும் கேட்காத ஒருவரிடம், உங்கள் வீட்டுக்காரரிடமோ எதிர்வீட்டுப் பெண்ணிடமோ, என்ன ஏது என்று சொல்லாமல் ஹெட்போனோடு கொடுங்கள். கையில் ஒரு தாளும் பேனாவும் கொடுத்துவிட்டு, நீங்கள் அடுக்களைக்குப் போய்விடுங்கள்.